தற்குறிப்பேற்றமும் பெர்சானிஃபிகேஷனும்: ஒரு மார்க்கில் தொடங்கி காஞ்சிபுரம் வரை

பத்தாவது படிக்கிற என் பொண்ணுக்குத் தமிழ் யூனிட் டெஸ்டில் ஒரு மார்க் போச்சு. காரணம் நான்தான். தற்குறிப்பேற்ற அணின்னா என்னப்பா என்று முந்தின நாள் ராத்திரி கேட்டாள். லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "இங்கிலீஷ்ல பெர்சானிஃபிகேஷன்னு படிச்சியே, அதேதாம்மா" என்று சொல்லிவிட்டேன். சொந்தமாக ஓர் எடுத்துக்காட்டு எழுதச் சொல்லிக் கேள்வி வந்திருக்கிறது. "பசி அவன் வீட்டுக் கதவைத் தட்டியது" என்று எழுதிவிட்டு வந்தாள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

நான் படித்த காலத்திலிருந்து இந்த ஜோடிப் பொருத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. சிமிலி என்றால் உவமை, மெட்டஃபர் என்றால் உருவகம், ஹைப்பர்போலி என்றால் உயர்வு நவிற்சி, பன் என்றால் சிலேடை. முதல் நாலஞ்சு ஜோடி சரியாகப் பொருந்திவிடுவதால் மிச்சமும் பொருந்தும் என்று நம்பிவிடுகிறோம். ரெண்டு டேபிளை ஒன்றுக்கு ஒன்று மேப் பண்ணி, பத்து வரிசையை மட்டும் செக் செய்துவிட்டு புரொடக்‌ஷனுக்கு அனுப்புகிற மாதிரி.

டீச்சர் போட்ட தப்பு சரியா என்று பார்க்கத்தான் தண்டியலங்காரத்தை எடுத்தேன். சரிதான்.

தற்குறிப்பேற்றத்துக்கு ரெண்டு விஷயம் வேண்டும். முதலாவது, உலகத்தில் இயல்பாக ஒன்று நடக்க வேண்டும். ரெண்டாவது, அதற்கான உண்மைக் காரணத்தை விட்டுவிட்டுக் கவிஞர் தன் மனசில் இருக்கிற காரணத்தை அதன்மேல் ஏற்ற வேண்டும். பாடப்புத்தகத்தில் வரும் சிலப்பதிகார உதாரணம் எல்லாருக்கும் தெரியும். மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. கோவலனை உள்ளே வராதே என்று கைகாட்டி மறிப்பதாக இளங்கோ சொல்கிறார். காற்று என்ற நிஜக் காரணம் அங்கே இருக்கிறது, அதை மூடித்தான் வேறொன்று வைக்கப்படுகிறது. பசி கதவைத் தட்டுவதில் அப்படி மூடுவதற்கு ஒன்றுமே இல்லை. பசிக்குக் கை கொடுத்தோம், அவ்வளவுதான்.

சரி, கொடிக்கும் கை கொடுத்தாயிற்றே, அப்போ ரெண்டும் ஒன்றுதானே என்று நானும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினேன். அதற்குப் பதில் தமிழ் நூலின் மூலத்தில் கிடைத்தது.

தண்டியலங்காரம் 12ஆம் நூற்றாண்டு நூல். எடுத்துக்காட்டுப் பாடல்களில் அனபாயன், அதாவது இரண்டாம் குலோத்துங்கன் புகழப்படுகிறான். இது சமஸ்கிருத காவ்யாதர்சத்தை அடியொற்றியது. அதை எழுதிய தண்டி, பல்லவர் காலத்துக் காஞ்சிபுரத்துக்காரர், சுமார் கி.பி. 700. பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் ரோட்டில் போனால் பஸ்ஸில் ரெண்டு மணி நேரம்கூட ஆகாத ஊர். (பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் இங்கிருந்து காஞ்சி வரதருக்குப் பூ கொண்டுபோவார் என்பது வைணவ மரபு. ரோடு பழசு.) அவருடைய அவந்திசுந்தரி கதையில் தன் குடும்பக் கதையும் வருகிறது. கொள்ளுத்தாத்தா தாமோதரர் சிம்மவிஷ்ணுவின் அவைக்கு வந்தவர். தண்டி சின்ன வயதிலேயே பெற்றோரை இழக்கிறார். பகைவர் படையெடுப்பால் காஞ்சியை விட்டு வெளியேறி ஊர் ஊராக அலைந்து, நிலைமை சீரான பிறகு திரும்புகிறார்.

காவ்யாதர்சத்தில் இந்த அணிக்குப் பெயர் உத்பிரேட்சை. தண்டி தரும் முதல் உதாரணம் ஒரு யானை. உச்சி வெயிலில் வாடிய யானை குளத்தில் இறங்குகிறது. ஏன் இறங்கும்? குளிக்க, தண்ணீர் குடிக்க, தாமரைத் தண்டு தின்ன. ஆனால் கவிஞர் சொல்கிறார்: வெயிலால் வாட்டிய சூரியனைப் பழிவாங்க முடியாததால், சூரியனுக்கு வேண்டப்பட்ட தாமரைகளைப் பிடுங்கிப்போட இறங்குகிறதாம். யானை ஏற்கெனவே உயிருள்ளது. அதற்கு உயிர் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. மாறியது காரணம் மட்டும். தமிழ் நூலும் இதைப் பெயர்பொருள், அல்பொருள் என்று பிரிக்கிறது, அதாவது இயங்குவது, இயங்காதது. ரெண்டிலும் இந்த அணி வரலாம். உயிரற்றதை ஆளாக்குவது இதன் இலக்கணமே இல்லை. கொடிக்குக் கை முளைத்தது பக்கவிளைவு.

இன்னொரு இடத்தில் தண்டி வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு வருகிறார். இருட்டு உடம்பெல்லாம் மை பூசுவது போல இருக்கிறது என்ற பொருளில் ஒரு பழைய வரி. 'போல' வந்துவிட்டதால் இது உவமை என்றார்கள் சிலர். வினைமுற்று உவமானமாக முடியாது என்பது இலக்கண ஆசிரியர்கள் முடிவு, ஆகவே இது உத்பிரேட்சைதான் என்று வரிசையாக வாதம் வைக்கிறார். 'போல' இருந்தால் உவமை என்று மார்க்குக்காக மனப்பாடம் செய்கிற நமக்கு 1,300 வருஷத்துக்கு முன்னாடியே பதில் எழுதி வைத்த மாதிரி இருந்தது.

அப்போ பெர்சானிஃபிகேஷன் எங்கே போயிற்று? தண்டியிடம் அது அணிப் பட்டியலிலேயே தனியாக இல்லை. தமிழ் நூலின் பொருளணியியலில் உள்ள 35 அணிகளையும் விரல்விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் கிட்டத்தில் வருவது பொதுவணியியலில், பத்துக் குணங்களில் கடைசியான சமாதி. ஒன்றன் தன்மையை இன்னொன்றின்மேல் ஏற்றிச் சொல்வது. பூ கண்விழித்தது என்பது போல. நன்னூலோ இதை அணியாகவே நினைக்கவில்லை. உயிரற்றவை பேசுவதாகவும் கேட்பதாகவும் நடப்பதாகவும் சொல்லலாம் என்று சொல்லதிகாரத்துப் பொதுவியலில் ஒரு விதியாக வைத்துவிட்டுப் போய்விடுகிறது.

மெட்டானிமியும் இப்படித்தான். ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தில் அது ஃபிகர் ஆஃப் ஸ்பீச். நமக்கு அது ஆகுபெயர், தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலிலேயே வைத்துவிட்ட சொல்லிலக்கணம். எனக்கென்னவோ இதில் நம் ஆட்கள் பக்கம்தான் நியாயம் என்று படுகிறது. 'ஊரே சிரித்தது' என்று சொல்ல யாரும் கவிஞராக இருக்க வேண்டியதில்லை.

பெயர்த்தவரின் வேலையையும் சொல்லாமல் விட முடியவில்லை. உத்பிரேட்சையைத் தற்குறிப்பேற்றம் ஆக்கினார். தன் குறிப்பை ஏற்றுவது, பெயரிலேயே இலக்கணம் வந்துவிட்டது. அர்த்தாந்தரநியாசத்தை வேற்றுப்பொருள் வைப்பு ஆக்கினார். ஆனால் விபாவனை, நிதரிசனம், பாவிகம் எல்லாம் அப்படியே நிற்கின்றன. ஏன் சிலதை மட்டும் விட்டார் என்பதை நினைத்துப் பார்க்கிற யாருக்கும் அந்த மனுஷர்மேல் ஒரு பாசம் வரும். டாக்குமென்டேஷன் மொழிபெயர்த்தவர்களுக்குத் தெரியும்.

அவர் மட்டுமல்ல. 9ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட அமோகவர்ஷன் அவையில் கன்னடக் கவிராஜமார்க்கம் இதே காவ்யாதர்சத்தை வைத்து எழுதப்பட்டது. சிங்களத்தில் சியபஸ்லகர. 13ஆம் நூற்றாண்டில் திபெத்தில் ஷோங்தோன் தோர்ஜே க்யல்த்சென் முழு நூலையும் திபெத்திய மொழிக்குக் கொண்டுபோனார். அங்கே அதன் பிறகு பல நூற்றாண்டுகள் செய்யுள் எழுதப் பழகுகிறவர்களுக்கு இதுதான் பாடநூல். காஞ்சிக் குளத்து யானை இமயமலை தாண்டிப் போயிருக்கிறது.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பொண்ணிடம் சொன்னேன். யானை கதை பிடித்திருந்தது. தானே ஒன்று சொல்லிப் பார்த்தாள்: ஆவடி ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் நிற்காமல் போவது, பிளாட்பாரத்தில் இருக்கிற என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான். நிஜக் காரணம் டைம்டேபிள். சரியான தற்குறிப்பேற்றம். பிறகு அம்பத்தூர் பஸ்ஸில் "டன்லப் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்கிறோமே, அது என்ன அணி என்றாள். அணி இல்லை, ஆகுபெயர் என்றேன். எந்த ஆகுபெயர்? அந்த இடத்தில் இருந்த கம்பெனியின் பெயர் இடத்துக்கே ஆகிவந்தது, அதனால் தானியாகுபெயர் என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவை நன்னூலைத் திறந்து சரிபார்த்த பிறகுதான் எழுதிக்கொள்ள விட்டேன்.