கொத்தரிசியும் வாக்குச்சீட்டும்



தேர்தல்தோறும் மாற்றம் வருமென்னும் வாக்குறுதியை மக்கள் நம்புகின்றனர். ஏமாந்தபின் மீண்டும் நம்புகின்றனர். இதற்குக் காரணம் மக்களின் மறதியே என்பர் சிலர். இலங்கையின் கூப்பன் அரிசி வரலாறு அக்கூற்றை மறுக்கின்றது.

1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒரு கொத்து அரிசி 25 சதத்துக்கே கிடைக்கும் என்று உறுதி கூறி ஐக்கிய தேசியக் கட்சி வென்றது. கொரிய யுத்த காலத்தில் உயர்ந்திருந்த இறப்பர் விலை பின்னர் வீழ்ந்தது. அரிசி மானியம் திறைசேரிக்குப் பெருஞ்சுமையாயிற்று. 1953 யூலையில் கொத்தின் விலை 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் மூண்டது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

மீண்டும் ஆட்சிக்கு வந்த அவருடைய அரசாங்கம், 1966இல் வாராந்தப் பங்கீட்டை இரண்டு கொத்திலிருந்து ஒன்றாகக் குறைத்து, அதனை இலவசமாக்கியது. இழந்த கொத்தைச் சந்திரனிலிருந்தாயினும் கொணர்வோம் என்ற பேச்சு 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் எழுந்தது. திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான ஐக்கிய முன்னணி 151 இடங்களில் 116ஐக் கைப்பற்றியது. இரண்டாவது கொத்தும் வந்தது. ஆனால் விலைக்கே வந்தது. 1973இல் உலகச் சந்தையில் தானிய விலை ஏறியபோது பங்கீடு மேலும் சுருங்கியது. 1977இல் வாரத்துக்கு எட்டு இறாத்தல் தானியம் என்ற வாக்குறுதியோடு ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140ஐ வென்றது. 1979இலோ பங்கீட்டரிசி முறையே நீங்கி உணவு முத்திரை வந்தது. அதுவும் வருமானங் குறைந்த குடும்பங்களுக்கு மட்டுமே.

இவ்வரலாற்றில் மறதியைக் காண்பதரிது. எந்த அரசாங்கம் எத்தனை கொத்தைக் குறைத்தது என்பதை மக்கள் நன்கு நினைவில் வைத்திருந்தனர். ஆனால், வாக்குச்சீட்டின் இயல்பு ஒன்றுண்டு. ஒருவரைத் தண்டிக்க விரும்புவோர் மற்றொருவருக்கு வாக்களித்தே தண்டிக்க வேண்டும். ஆகவே, பழைய அரசாங்கத்தின்மீது கொண்ட சினமே புதியவர்மீது நம்பிக்கையாக உருக்கொள்கின்றது. மேலும், வாக்குறுதிகள் முற்றும் பொய்த்தனவுமல்ல. பாதியளவு நிறைவேறிய உறுதிமொழி அடுத்த நம்பிக்கைக்கு வித்தாகின்றது.

மேடைகளில் உரத்துப் பேசப்படாதது ஒன்றே: அரிசியைக் கொள்வனவு செய்ய வேண்டிய அந்நியச் செலாவணி எங்கிருந்து வரும் என்பது. நம்பிக்கையை இழந்த மக்கள் வாக்குச்சாவடிக்கே செல்லார். எனவே நம்புதல் குற்றமன்று. வாக்குறுதியின் செலவை யார் ஏற்பார் என்று தேர்தலுக்கு முன்னரே கேட்பது, நம்புகின்ற மக்களுக்குரிய கடமையாகும்.