முதுமைக்கால மனச்சோர்வு: மரபணுக் காரணிகள்

முதுமைக்கால மனச்சோர்வு என்பது, ஏறத்தாழ 60 வயதைக் கடந்தோரிடம் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நீடிக்கும் மனத்தளர்ச்சி, நாட்டமின்மை, தூக்கக் கேடு, பசியின்மை முதலியவை சேர்ந்த நோய். பேச்சுவழக்கில் ‘மன அழுத்தம்’ என்பர். முதியோர் பலர் இதை உடல்வலி, அசதி என்றே சொல்வதால், ‘வயசானா அப்படித்தான்’ என்று விடப்படுவதும் உண்டு.

மரபின் பங்கு

இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2000-இல் வெளியான மதிப்பீட்டின்படி, மனச்சோர்வுக்கு ஆளாகும் இயல்பில் மக்களிடையே உள்ள வேறுபாட்டில் சுமார் 37 விழுக்காடு மரபு சார்ந்தது. ஒருவரது நோயில் இத்தனை பங்கு பெற்றோர் தந்தது என்பது இதன் பொருளன்று. இளவயதில் தொடங்கி முதுமையில் திரும்பும் மனச்சோர்வில் குடும்ப வரலாறு மிகுதியாகக் காணப்படும். முதுமையில் முதன்முறை வருவதில் குறைவு. பின்னதற்கு மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்ச் சேதமும் காரணமாகலாம் என்ற கருத்து 1997-இல் முன்வைக்கப்பட்டது.

மரபணுக்கள்

மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரட்டோனினை நரம்பணுக்களுக்குள் மீட்டெடுக்கும் புரதத்தின் மரபணு, 17-ஆம் குரோமோசோமில் உள்ளது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு இதை மனச்சோர்வுடன் தொடர்புபடுத்திப் பிரபலமாக்கியது. 2019-இல் நடந்த விரிவான மறுசோதனையில் அந்தத் தொடர்பு நிலைக்கவில்லை. அதே ஆண்டில், 8 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு மனச்சோர்வுடன் தொடர்புடைய 102 மாறுபாடுகளை இனங்கண்டது. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறிது. 19-ஆம் குரோமோசோமிலுள்ள ஏபிஓஇ மரபணுவின் எப்சிலான்-4 வடிவம் அல்சைமர் நோய்க்கு வாய்ப்பைக் கூட்டும். மனச்சோர்வைப் பொறுத்தவரை முடிவுகள் முரண்படுகின்றன. இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றோர் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால், அவற்றிலிருந்து கணிக்கப்படும் ஆபத்து மதிப்பெண்களைத் தமிழர்களுக்கு அப்படியே பொருத்த இயலாது.

கணியம்பாடி ஆய்வு

மரபு மட்டுமே காரணமன்று. வேலூர் அருகே கணியம்பாடி ஒன்றியத்தில் 65 வயதைக் கடந்த 1,000 பேரிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், 12.7 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. குறைந்த வருமானம், பட்டினி, இதயநோய், தற்காலிகப் பக்கவாதம், தலைக்காயம், நீரிழிவு ஆகியவை அதனுடன் தொடர்புடையனவாக இருந்தன. மனம்விட்டுப் பேச ஆள் இருந்தோரிடம் நோய் குறைவு.

நடைமுறை

மனச்சோர்வை உறுதிசெய்யும் மரபணுப் பரிசோதனை கிடையாது. குடும்பத்தில் யாருக்கேனும் இருந்ததா என்று மருத்துவர் கேட்பது விழிப்புக்காகவே. மரபு வழி வந்தாலும் மருந்துக்கும் உளவழிச் சிகிச்சைக்கும் நோய் பெரும்பாலும் கட்டுப்படும். 2022-இல் தொடங்கப்பட்ட மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் உதவி எண்: 14416.