அழியும் பொருளில் அமைந்த கலை

வரலாறு என்றதும் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடிச் செல்வதே நம்மவர் வழக்கம். கல்லிலே பொறித்தது நிலைக்கும். ஓலையிலே முடைந்தது வாடும். ஆகவே வாடிப்போவதற்கு வரலாறு இல்லை என்று எண்ணிவிடுகின்றோம். அவ்வெண்ணம் சரிதானா என்பதை மட்டக்களப்பு வாவிக்கரையை வைத்துச் சற்றே ஆராய்வோம்.

எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கின்றது எமது வாவி. அதன் சூழலில் மணல் உண்டு, சேறு உண்டு, தென்னை உண்டு. நீர் தேங்கும் பள்ளங்களிலே பன் உண்டு. கைக்கெட்டிய இப்பொருள்களிலேயே எமது முன்னோர் தம் கலைத்திறனைக் காட்டினர்.

வைகாசித் திங்களிற் கண்ணகையம்மன் சடங்கு நிகழும் ஊர்களுக்குச் சென்று பாருங்கள். பந்தலெங்கும் தென்னங்குருத்துத் தோரணம் தொங்கும். குருத்தை ஈர்க்கு நீக்கிப் பிளந்து, ஒரு மடிப்பு, ஒரு கோப்பு, மீண்டும் ஒரு மடிப்பு என்று விரல்கள் ஓடும். ஓலை பூவாகும், கிளியாகும். குளிர்த்தி முடிந்து சில நாள்களில் அத்தனையும் சருகாகிவிடும். அதற்காக எவரும் வருந்துவதில்லை. அடுத்த ஆண்டும் குருத்து வரும். முடையும் கையும் வரும். தோரணத்தின் வாழ்நாள் சில நாள். அதனை முடையும் முறையின் வாழ்நாளோ பல தலைமுறை.

இனிப் பன்பாயை நோக்குவோம். தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் இப்பகுதியில் நெடுங்காலமாய்ப் பேணிவந்த கைத்தொழில் இது. பன்னை அறுத்து, உலர்த்தி, சிலவற்றுக்குச் சாயமேற்றி இழைக்கின்றனர். ஒன்று மேல், ஒன்று கீழ் என்று இழைத்தாற் சதுரக் கட்டம் தோன்றும். இரண்டு மேல், இரண்டு கீழ் என இழைத்து, அடுத்த வரிசையில் ஒரு பன் தள்ளித் தொடங்கினாற் சாய்கோடு பிறக்கும். தள்ளும் திசையை இடையிலே மாற்றினால் அக்கோடு திரும்பி முனைகொள்ளும். மேலும் கீழும் முனைகள் பொருந்தினால் வைரக்கட்டம் உருவாகும். வரைந்த படமோ எழுதிய குறிப்போ இன்றி இவ்வளவையும் மனத்திலே எண்ணிக்கொண்டு ஒரு பெண் பாயின் முன் அமர்ந்திருக்கின்றாள். அவளைப் பாமரப் பெண் என்பார் உளர். எண்ணிப் பார்த்தால் அவள் கணக்கு அறிந்தவள்.

கூத்துக்களரியிலும் இதனையே காண்கின்றோம். வடமோடிக் கூத்தில் அரசர் அணியும் வட்டமாய் விரிந்த உடைக்குக் கரப்புடுப்பு என்று பெயர். கரப்பு என்பது ஆழமற்ற நீரில் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் கூடு. மீனவரின் கூட்டுப் பெயரே மன்னரின் உடைக்கும் வழங்குவது எமது நாட்டுக்கே உரிய அழகு! பாரமற்ற மரத்திலே முடியும் அணிகளும் செய்து, கண்ணாடித் துண்டுகள் பதித்தனர். பொன்னும் மணியும் இல்லாத ஊரில் விளக்கொளியே மணியாயிற்று. எட்டு, நாலடி என ஆட்ட வகைகளின் பெயர்களிலும் எண்ணே அமர்ந்திருக்கின்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் இக்கூத்தின் பெருமையுணர்ந்து, பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இற் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ ஆகியவற்றை மேடையேற்றிய பின்னரே, நாட்டார் ஆட்டமென்று ஒதுக்கியவரும் இதனைத் திரும்பிப் பார்த்தனர்.

ஓலை, பன், மரம் மூன்றும் அழியும் பொருள்கள். அழியாது நின்றது அவற்றுள் உறையும் எண். 1978 நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி எமது தென்னஞ்சோலைகளைச் சாய்த்தது. தென்னை மீண்டும் வளர்ந்தது. முடையத் தெரிந்த கைகள் இருந்தமையாற் குருத்தோலை மீண்டும் தோரணமாயிற்று. கைகள் இல்லாது போயிருந்தால்?

அக்கேள்விக்கு விடை காரைதீவிலே 1892இற் பிறந்த சுவாமி விபுலானந்தரின் வாழ்விலே உண்டு. பண்டைத் தமிழரின் யாழ் மரத்தாலானது, அழிந்தது. அதனை அமைக்கவும் மீட்டவும் அறிந்த மரபும் அறுந்தது. விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியராயும் விளங்கிய அடிகளார், சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையைத் துருவி ஆராய்ந்து, சுருதிகளைக் கணக்கிட்டு, பல்லாண்டு உழைத்து அவ்விசையின் இலக்கணத்தை மீட்டார். ‘யாழ்நூல்’ 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அறுந்த மரபொன்றை முடிச்சிடுவதற்கு ஒரு பேரறிஞரின் வாழ்நாளே விலையாயிற்று. அதற்கும் இளங்கோவடிகள் எழுதிவைத்த குறிப்பு இருந்தமையே துணை. பன்பாய்க்கும் குருத்தோலைக்கும் அத்தகைய காதையை எழுதிவைத்தவர் யார்?

நம் வீட்டு வாசலிலே மாவாற் போடும் கோலத்தை எடுத்துக்கொள்வோம். அதுவும் மாலைக்குள் மிதிபட்டு அழிவதே. ஆனால் 1974ஆம் ஆண்டிலே கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய தமிழ்நாட்டு ஆய்வாளர் மூவர் கோலத்துக்கு இலக்கண விதிகள் உண்டென்று காட்டி, கணினியியல் ஆய்வுக் கட்டுரையொன்றை வெளியிட்டனர். அன்று தொட்டு உலகக் கணித அறிஞரும் எமது அன்னையரின் கோலத்தைக் கற்கின்றனர். அயலார் கற்பதை நாம் கல்லாதிருத்தல் தகுமோ?

இன்று கடையிலே பிளாஸ்டிக் தோரணம் கிடைக்கின்றது. பிளாஸ்டிக் பாயும் கிடைக்கின்றது. அவை வாடா, ஆதலால் அவற்றை மீண்டும் முடைய எவரும் கற்கவேண்டியதுமில்லை. வாடாத பொருள் வந்ததனால் வாடுவது கலையே.

மன்றத்து இளைஞர்களே! வருஞ் சடங்குக்குத் தோரணம் முடையும்போது முதியவர் அருகே சென்று அமருங்கள். முதலிற் கையாற் பழகுங்கள். பின்னர்க் கட்டமிட்ட தாளிலே அவ்வடிவை வரைந்து, எத்தனை மேல், எத்தனை கீழ் என்று குறித்து, கற்பித்தவர் பெயரையும் ஊரையும் எழுதிவையுங்கள். பெரியோர்களே! கேட்கும் பிள்ளைக்குப் பொறுமையுடன் காட்டிக்கொடுங்கள். ஓர் ஊருக்கு ஓர் ஏடு சேர்ந்தாற் போதும். பின்வருவோர் இன்னொரு யாழைத் தேடி அலைய வேண்டிய நிலை வராது.