மாவும் முந்திரியும்: திண்ணைப் பள்ளியில் பின்னக் கணக்கு

கால், ஐந்தில் ஒன்று. இரண்டையும் கூட்டச் சொன்னால் இன்றைய ஆறாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்? மீ.சி.ம. கண்டுபிடிக்கும், 20 வரும், மேலேயும் கீழேயும் பெருக்கும், கடைசியில் 9/20 என்று எழுதும். நடுவில் எங்கேயோ 'ஏன்' என்பது காணாமல் போயிருக்கும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்த பையனுக்கு இது ஒரு வரிக் கணக்கு. மா என்றால் இருபதில் ஒன்று. கால் என்பது ஐந்து மா. ஐந்தில் ஒன்றுக்குப் பேரே நாலுமா. ஆக ஒன்பது மா. அவ்வளவுதான்.

கொஞ்சம் கஷ்டமான கணக்கு பார்ப்போம். வீசம் (மாகாணி என்றும் சொல்வார்கள்) 1/16. அதோடு ஒரு மாவைக் கூட்டணும். இங்கேதான் முந்திரி வருகிறது. சாப்பிடற முந்திரி இல்லீங்க, 1/320க்கு அந்தப் பேர். இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி, நாலு முந்திரி ஒரு காணி, எட்டு ஓர் அரைமா, 16 ஒரு மா, 20 ஒரு வீசம், 80 ஒரு கால். வீசமும் மாவும் சேர்ந்தால் 36 முந்திரி, அதாவது ஒன்பது காணி. பின்னம் முழு எண்ணாகிவிட்டது.

ஏன் 320? பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் அரை, கால், அரைக்கால், வீசம். இன்னொரு பக்கம் இருபதாகப் பிரித்தால் மா. 16ஐயும் 20ஐயும் பெருக்கினால் 320. இரண்டு வழியும் மீதமில்லாமல் அதில் அடங்கும். பணத்தை ரூபாயில் தசமமாக வைக்காமல் பைசாவில் முழு எண்ணாக சேமிக்கிற புரோகிராமர்களுக்கு இந்த யோசனை உடனே பிடிபடும். ஒரு குறை உண்டு. மூன்றில் ஒரு பங்கு இதில் சரியாக வராது, 320 மூன்றால் வகுபடாதே.

வாய்ப்பாட்டை மட்டும் பார்த்தால் வெறும் மனப்பாடம் மாதிரிதான் தெரியும். ஆனால் கூடவே நெல்லிலக்கம் என்று ஒன்று இருந்தது. 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. பெருக்கிப் பாருங்கள், நாழிக்கு 14,400 நெல். உழக்கும் உரியும் வீட்டில் அரிசிப் பானை பக்கத்திலேயே கிடந்த பாத்திரங்கள். பள்ளியில் சத்தம்போட்டுச் சொன்னதை வீட்டில் அம்மா அளந்துகொண்டிருந்தார். இதுதான் விஷயம் என்று எனக்குப் படுகிறது.

அதுக்காக அதைப் பொற்காலம்னு தூக்கிவைக்கவும் மனசு வரலை. தப்பாகச் சொன்னால் பிரம்படி, கோதண்டம். எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திண்ணையில் இடமில்லை. கவர்னர் தாமஸ் மன்றோ 1822ல் எடுக்கச் சொன்ன பள்ளிக் கணக்கெடுப்பில், சென்னை மாகாணம் முழுக்கச் சுமார் 1,88,000 பேர் படித்தார்கள். அதில் பெண் பிள்ளைகள் 5,000 பேர்கூட இல்லை. அளந்து போட்ட அம்மாக்களின் கணக்கு இதில் வராது.

1957 ஏப்ரலில் நயாபைசா வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா போனது. அணா என்பது வேறொன்றுமில்லை, ஒரு ரூபாயில் வீசம். பின்னாடியே லிட்டரும் கிலோவும் வந்தன. நாடு முழுக்க ஒரே அளவை வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பாடப்புத்தகத்துப் பின்னத்துக்கு வீட்டில் இருந்த துணை அதோடு போய்விட்டது.

காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில் ஒரு வழி இருக்கிறது. பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எத்தனை என்று சொல்ல, காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கணும். நூறு முள்ளுக்கு 120 சுளை. வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்த்தோம். ஒத்து வரலை. எந்த முள் வரைக்கும் 'காம்பைச் சுற்றி' என்று கணக்கு வைப்பது என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை. அடுத்த பழத்துக்கு ஆளுக்கொரு எண்ணிக்கை எழுதி வைத்துவிட்டுத்தான் வெட்ட விட்டார்கள்.