ஒரு சொல் ஏற்றிய சுமை

பாவத்தை ஆன்மாவின் தொழுநோய் என்று பல்லாண்டுகள் நாம் மறையுரையில் கூறி வந்ததுண்டு. ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும், அந்நோயினின்று முற்றும் குணமடைந்த பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். "சாமி, எனக்கு வந்தது நோய்தானே, பாவம் இல்லையே?" என்று மெல்லக் கேட்டார். நாம் நாணி நின்றோம். இச்சொல்லின் வரலாற்றை நாடத் தூண்டியது அக்கேள்வியே.

லேவியர் நூலின் 13, 14ஆம் அதிகாரங்களில் வரும் எபிரேயச் சொல் 'சாராஅத்'. அது மனிதர் தோலில் மட்டுமன்று, ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் தோன்றும் என்கிறது அந்நூல். சுவருக்கும் தொழுநோய் வருமோ? ஆகவே, அது ஒரு தனிநோயின் பெயரன்று; வழிபாட்டுத் தூய்மைக்கு ஊறான படை, தடிப்பு, பூசணம் முதலியவற்றின் பொதுப்பெயர் எனக் கொள்வதே பொருந்தும்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய கிரேக்கப் பெயர்ப்பு இதனை 'லெப்ரா' என்றது. செதில் உதிரும் தோல் பிணிகளையே கிரேக்க மருத்துவர் அப்பெயரால் குறித்தனர். இன்றைய தொழுநோய்க்கு அவர்கள் வழங்கிய பெயர் 'எலெபந்தியாசிஸ்' என்பதாகும். புனித எரோணிமுசின் இலத்தீன் விவிலியமும் 'லெப்ரா' என்னும் சொல்லையே ஏற்றது. பின்னர், 11ஆம் நூற்றாண்டில், மொந்தே கசீனோ மடத்துத் துறவியான ஆப்பிரிக்க கொன்ஸ்தாந்தீன் அரபு மருத்துவ நூல்களைப் பெயர்த்தபோது, தொழுநோயைக் குறிக்கும் 'ஜுதாம்' என்ற சொல்லுக்கும் 'லெப்ரா' என்றே எழுதினார். இவ்வாறு இரு வேறு பொருள்கள் ஒரே பெயருள் இறுகின. லேவியர் நூல் கூறும் தீட்டு நோயாளியின் தலைமேல் ஏறிற்று.

1179இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் சங்கம், இந்நோயாளருக்குத் தனிக் கோவிலும் கல்லறையும் குருவும் இருக்கலாம் என ஆணையிட்டது. அதில் இரக்கம் உண்டு, பிரிவினையும் உண்டு.

1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். 1981இல் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. நோய் குணமாகும் நிலை வந்தது. ஆயினும் சொல்லின் பழி உடனே நீங்கவில்லை. நம் நாட்டில் 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. கிறிஸ்தவருக்குரிய 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டத்தில் இந்நோய் 2019 வரை மணமுறிவுக்குக் காரணமாக நின்றது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இயேசு அம்மனிதரைக் கைநீட்டித் தொட்டார். நாமோ ஓர் உவமையால் அவரை மீண்டும் ஊருக்கு வெளியே நிறுத்தினோம். அப்பெரியவர் கேட்ட நாள்முதல் அவ்வுவமையை நாம் மறையுரையில் எடுப்பதில்லை.