பெரிய ஹாட்ரான் மோதுவி: அச்சமும் கேலியும்

சுவிட்சர்லாந்து–பிரான்ஸ் எல்லையில், ஜெனீவா அருகே நிலத்தடியில் ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் அமைத்த 27 கி.மீ. சுற்றளவுள்ள துகள்முடுக்கி. 2008 செப்டம்பர் 10 அன்று இது இயங்கத் தொடங்குமுன் பல நாடுகளில் அச்சம் பரவியது. புரோட்டான் மோதலில் பிறக்கும் நுண்கருந்துளைகள் பூமியை விழுங்கிவிடும் என்றனர் சிலர். முடுக்கியை இயக்குவதைத் தடுக்க ஹவாயிலுள்ள அமெரிக்க நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு தள்ளுபடியானது. முடுக்கியின் மோதல்களினும் ஆற்றல்மிக்க அண்டக்கதிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தாக்கியும் பூமி நிலைத்திருப்பதை செர்னின் 2008ஆம் ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கை சான்றாகக் காட்டியது.

கேலிக்கும் குறைவில்லை. முடுக்கி பற்றிய ராப் பாடலொன்று யூடியூபில் புகழ்பெற்றது. 2009 நவம்பரில் வெளிப்புற மின்கருவியில் பறவை போட்டதாகக் கருதப்பட்ட ரொட்டித்துண்டு கிடந்து குளிரூட்டல் தடைப்பட்டபோது, முடுக்கியை நிறுத்த எதிர்காலம் அனுப்பிய பறவையின் வேலை என்று நகைத்தனர். அச்சத்தையும் கேலியையும் தாண்டி, இம்முடுக்கியின் ஆய்வுகளில் ஹிக்ஸ் போசான் என்னும் துகள் கண்டுபிடிக்கப்பட்டது 2012 ஜூலை 4 அன்று அறிவிக்கப்பட்டது.