பத்துப் பவர் கண்ணாடி போன கதை

முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களில் ப்ளஸ் பத்து கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. மதுரையில் கண்ணாடிக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதிகம் தேய்த்துப் பொருத்தியது அதைத்தான். நடுவில் புடைத்து, ஓரத்தில் மெலிந்திருக்கும். கல்லில் தேய்க்கும்போது கை கொஞ்சம் அழுந்தினாலும் மெல்லிய ஓரம் பொரிந்துவிடும். கனம் தாங்காமல் பிரேம் மூக்கிலிருந்து வழுக்கும் என்பதால், வாங்கிப் போகிறவர்கள் பின்னந்தலையோடு சேர்த்து நூல் கட்டிக்கொள்வார்கள். கண்புரை ஆபரேஷன் ஆனவர்களைத் தெருவில் தூரத்திலிருந்தே தெரியும்.

அன்றைய ஆபரேஷனில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை உறையோடு மொத்தமாக எடுத்துவிடுவார்கள். தலை அசையாமலிருக்க இருபுறமும் மணல் மூட்டை வைத்துப் படுக்கவைப்பார்கள். உள்ளிருந்து எடுத்த லென்ஸின் வேலையை வெளியே மாட்டிய கண்ணாடி செய்ய வேண்டும். செய்யத்தான் செய்தது, ஆனால் எல்லாப் பொருளும் கால் பங்கு பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் வரும் சைக்கிள் ஒரு நொடி காணாமல் போய், திடீரென்று மூக்குக்கு நேரே முளைக்கும். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆனவருக்கு இரண்டு கண்ணும் இரண்டு அளவு காட்டும். கடைப் படியில் ஒரு அப்பத்தா தடுமாறி நின்று, “ஏப்பா, படி மேல வருது, காலு கீழ போகுதே” என்றது இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் கண்ணாடி உடைந்து, வேறு வாங்க வழியில்லாவிட்டால் பழைய இருட்டுதான்.

இதற்கும் முந்தைய நிலைமை இன்னும் மோசம். ஊர் ஊராகப் போன வைத்தியர்கள் ஊசியால் புரையைக் கண்ணுக்குள்ளேயே பின்னால் தள்ளிவிடுவார்கள். சுசுருதர் காலத்திலிருந்து வந்த முறை. அன்று வெளிச்சம் தெரியும். பிறகு பல கண்கள் சீழ்ப்பிடித்தோ அழுத்தம் ஏறியோ அவிந்துபோகும். 1819-ல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் ஹென்றி எலியட், இப்படிக் கெட்ட கண்களைச் சேகரித்து ஆராய்ந்து தனிப் புத்தகமே எழுதினார்.

கண்ணாடியைக் கண்ணுக்குள்ளேயே வைத்தால் என்ன என்று துணிந்தவர் ஹெரால்ட் ரிட்லி என்ற லண்டன் கண் மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் அறை மூடி நொறுங்கி, பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கின் சில்லுகள் கண்ணுக்குள் பாய்ந்தன. 1940-ல் அப்படி அடிபட்டவர்களில் ஒருவர் கார்டன் கிளீவர். சாதாரணமாக வேற்றுப் பொருள் எது உள்ளே போனாலும் கண் சிவந்து கொதிக்கும். இந்தச் சில்லுகளைக் கண் சும்மா விட்டுவைத்திருப்பதை ரிட்லி கவனித்தார். புரையை எடுத்த பிறகு அந்த இடத்தில் ஏன் வேறு லென்ஸ் வைப்பதில்லை என்று ஒரு மாணவர் கேட்டதும் அவரை உசுப்பியது. ரெய்னர் கம்பெனி பெர்ஸ்பெக்ஸில் லென்ஸ் செய்து கொடுத்தது. 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் ஆபரேஷன் நடந்தது.

என் தொழில்காரன் கண்ணுக்கு அடுத்தது முக்கியம். இயற்கை லென்ஸின் வளைவை ஒட்டியே புதியதையும் செய்தார்கள். பெர்ஸ்பெக்ஸ் ஒளியை அதைவிட அதிகமாக வளைக்கும். அதனால் பவர் எகிறி, முதலில் வைத்துக்கொண்டவர்களுக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்துவிட்டது. கணக்கைத் திருத்திக்கொண்டார்கள். பெரிய டாக்டர்கள் மனம்தான் திருந்தவில்லை. கண்ணுக்குள் போன வேற்றுப் பொருளை எடுப்பது வைத்தியம். வைப்பது அக்கிரமம் என்று எதிர்த்தார்கள். அமெரிக்க அரசு இந்த லென்ஸுக்கு ஒப்புதல் தர 1981 ஆயிற்று. ரிட்லிக்கு முதுமையில் புரை வந்தபோது அவர் கண்ணிலும் அவர் கண்ட லென்ஸையே வைத்தார்கள். 2000-ல் சர் பட்டம் கிடைத்தது. மறு வருடம் காலமானார்.

மதுரைக்கு இந்த லென்ஸ் வந்தபோது விலை ஏழைக்கு எட்டவில்லை. 1976-ல் பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயும் ஆயிரக்கணக்கான கண்களுக்கு ஆபரேஷன் செய்தவர். காசு இருப்பவனுக்கு லென்ஸ், இல்லாதவனுக்குத் தடிக் கண்ணாடி என்ற பாகுபாட்டை அந்த நிறுவனம் ஏற்கவில்லை. 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை மதுரையிலேயே தொடங்கி, பத்து டாலர் அளவுக்கு விலையைக் கீழே கொண்டுவந்தது. எங்கள் கடையில் ப்ளஸ் பத்து வில்லைகள் கேட்பாரற்றுக் கிடக்க ஆரம்பித்தன. வருமானம் குறைந்ததுதான், அதைச் சொல்லி எனக்கு வருத்தமே இல்லை.

கண்ணுக்குள் வைத்த அந்த லென்ஸுக்கு ஒரே பவர். பெரும்பாலும் தூரத்துக்குப் பார்த்து வைப்பார்கள். பேப்பர் படிக்க வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டும். அதுவும் வேண்டாம் என்று வந்ததுதான் மல்டிஃபோகல். 1986-ல் முதலில் மனிதக் கண்ணில் வைத்தார்கள். 1997-ல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இப்போது பரவலாக இருக்கும் வகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக மெல்லிய வளையங்கள் தெரியும். உள்ளே வரும் ஒளியை அவை தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பிரித்துக் கொடுக்கின்றன. பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறையத்தானே செய்யும்? மங்கல் வெளிச்சத்தில் தெளிவு சற்றுக் குறையும். ராத்திரியில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். விழித்திரையில் சர்க்கரை நோய்ப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் பொதுவாக இது பொருந்தாது.

அருமையான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் ஒற்றைப் பவர் லென்ஸை மட்டமென்று நினைக்காதீர்கள். அப்பத்தாக்களைக் கைத்தாங்கல் இல்லாமல் படி இறங்க வைத்தது அதுதான். ஆபரேஷனுக்குப் போகும்போது விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் டாக்டரிடம் உங்கள் வேலையைச் சொல்லுங்கள்: ராத்திரி வண்டி ஓட்டுகிறீர்களா, துணி தைக்கிறீர்களா, நகைப் பட்டறையில் உட்காருகிறீர்களா என்று. எந்த லென்ஸ் என்பது அதற்குப் பிறகு முடிவாகட்டும்.